இழுபட்ட டேப்பும் சுவர் விரிசலும்

மாடியில், தையல் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் தரையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. திங்கட்கிழமைதோறும் முதல் துணியை வெட்டுமுன், தையல்காரம்மா அதை நுனிவரை டேப்பால் அளந்து நோட்டில் எழுதுவாள். மூன்று வருடமாக அது நகரவேயில்லை. அதையும் விடாமல் எழுதினாள்.

ஒரு திங்கட்கிழமை, விரிசல் ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தது. பதறிப்போய் குடியிருந்தவர்களையெல்லாம் தெருவில் இறக்கிவிட்டாள். வெயிலில் நின்றபோதுதான் உறைத்தது: அன்று காலைதான் புது டேப் எடுத்திருந்தாள். பழையது ஆயிரம் இடுப்பைச் சுற்றி இழுபட்டு நீண்டுபோயிருந்தது. நீண்ட டேப் குறைத்துத்தானே காட்டும்? வளர்ந்தது விரிசல் இல்லை.

எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். கீழ்வீட்டு நர்ஸ் மட்டும் விடவில்லை. படியில் பார்க்கும்போதெல்லாம், "அக்கா, சுவர் இன்னிக்கு எவ்வளவு தூரம் நடந்துச்சு?" என்பாள். தையல்காரம்மா நோட்டில் அன்று எழுதிய அளவை அழிக்கவில்லை. 'டேப் மாறியது, தப்பு என்னுடையது' என்று பக்கத்தில் எழுதி, பழைய டேப்பையும் நோட்டோடு சுருட்டி வைத்தாள்.

அடுத்த வருடம் பக்கத்து மனையில் பள்ளம் தோண்டி, ஊறிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தார்கள். விரிசல் நிஜமாகவே நகர்ந்தது. தினமும் அளந்தாள். மோட்டார் ஓடிய நாளெல்லாம் ஏறியது, ஞாயிற்றுக்கிழமை நின்றது. இனி சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் நர்ஸின் கைக்குழந்தை தூங்கியது. மானம் போனால் போகட்டும் என்று நோட்டோடும் இரண்டு டேப்போடும் நகராட்சி இன்ஜினியரிடம் போனாள்.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். 'தப்பு' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, இரண்டு டேப்பையும் மேஜைமேல் இணையாக நீட்டிப் பார்த்தார்.

"இதை ஏம்மா அழிக்காம விட்டீங்க?"

"அளந்தது அளந்ததுதானே சார். இதை அழிச்சா, மத்ததெல்லாம் நிஜம்னு எனக்கே எப்படித் தெரியும்?"

அன்று மத்தியானமே மோட்டார் நின்றது. கீழ்வீட்டுச் சுவர்ப் பூச்சை உடைத்துப் பார்த்தால், உள்ளே தூண் வெடித்திருந்தது. சாயுமுன் முட்டுக் கொடுத்தார்கள்.

மறுவாரம் நர்ஸ் குழந்தையோடு மாடியேறி வந்தாள். ஓர் இரும்பு டேப்பை நீட்டினாள்.

"இது இழுபடாதாம் அக்கா."

தையல்காரம்மா குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். இரும்பு டேப்பை மற்ற இரண்டோடும் வைத்து ஒத்துப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதம்மா. கடைக்காரன் சொன்னான்னு நோட்டுல எழுத முடியாதில்ல?"

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள்.