கூரையிலிருந்து தொங்கிய கால்

ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவே, மேலிருந்து என் தம்பியின் இடது கால் தொங்கியது. மீதித் தம்பி மேலே இருந்தான்.

அப்பாவின் யோசனைகளில் ஒன்றுதான் காரணம். திருத்தங்கலில் தகரக் கூரைக்குக் கீழே குடியிருக்கும் கஷ்டம் சொல்லி மாளாது. அப்பா தகரத்துக்குக் கீழே மரச்சட்டங்கள் அடித்து, அவற்றில் மெல்லிய பிளைவுட்டை ஆணியால் இறுக்கினார். அவர் வேலை பார்த்த அச்சகத்தில் காலண்டர் வெட்டும்போது விழும் காகிதத் துண்டுகளைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து அதன்மேல் முழங்கால் ஆழத்துக்குப் பரப்பினார். வீடு நிஜமாகவே குளிர்ந்தது. அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கரண்டு ஒயரும் அந்தக் காகிதத்துக்குள்தான் ஓடியது. பட்டாசு ஊரில் இப்படி ஒரு கூரை போட எங்கள் அப்பாவால்தான் முடியும்.

அந்த மெத்தையில் பூனை குட்டி போட்டது. குட்டியைப் பார்க்க, மூலையிலிருந்த திறப்பு வழியாகத் தம்பி ஏறிவிட்டான். சட்டத்தின்மேல் மட்டும்தான் கால் வைக்கலாம். சட்டமோ காகிதத்துக்குள் மறைந்திருந்தது. பலகை உடைந்து கால் இறங்கிவிட்டது. துள்ளினால் ஆளே சிமெண்டுத் தரையில் விழுவான். அம்மா அலறினாள்.

அப்பாவின் தங்கை பக்கத்து வீட்டில் இருந்தாள். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் வேலை. கம்பெனி வேனிலிருந்து இறங்கிய அத்தை, சத்தம் கேட்டு எங்கள் வாசலுக்கு ஓடிவந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. வாசல் தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீரை மோந்து தலையில் ஊற்றிக்கொண்டாள்.

“பிள்ள தொங்குதான், நீ குளிச்சிக்கிட்டு நிக்கியே!” என்று அம்மா கத்தினாள்.

“சேலை பூராம் மருந்து மதினி. மேல அம்புட்டும் காகிதம். மொதல்ல மெயினை அமத்துங்க.”

சொட்டச் சொட்ட ஏணியில் ஏறினாள். மேலே அவள் நிற்கவே இல்லையாம். காகிதத்தைக் கிளறாமல் கையை மட்டும் உள்ளே விட்டுச் சட்டத்தைத் தடவித் தடவித் தவழ்ந்தாள் என்று தம்பி பிறகு சொன்னான்.

“ஏ பிள்ள, ஒட்டடைக் கம்ப எடு. ஆணி வரிசையா தெரியுதுல்லா? அது மேலயே தட்டிக்கிட்டு வா” என்று அத்தையிடமிருந்து எனக்கு உத்தரவு வந்தது. ஆணி இருக்கும் இடத்தில்தானே மேலே சட்டம் இருக்கும்! அம்மா ஸ்டூலில் ஏறி, தொங்கிய காலை மெல்ல மேலே தள்ளினாள்.

“ஏலே, அக்கா தட்டுத சத்தம் கேக்குதா? அதுமேலயே முட்டி போட்டு வா. பையப் பைய வா ராசா” என்று அத்தை மேலிருந்து சொன்னாள்.

நான் தட்டத் தட்ட, தம்பி திறப்புக்கு வந்து சேர்ந்தான். அம்மா அவனை அள்ளிக்கொண்டு அழுதாள். அத்தையிடம் கண்ட அப்படி ஒரு நிதானத்தை இன்றுவரை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. என் அத்தை என்று தெருவெல்லாம் கூவ வேண்டும்போல் இருந்தது.

அப்போது அத்தையின் சின்ன மகள் “அம்மா” என்று கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அத்தை பதறிப் பின்வாங்கினாள். “கிட்ட வராத! அங்கிட்டுப் போ!” என்று அதட்டிவிட்டு, அவர்கள் வீட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. என் தம்பியை ராசா என்று கொஞ்சியவள் பெற்ற பிள்ளையை விரட்டுகிறாளே! இப்போதுதானே வாளி வாளியாக ஊற்றிக்கொண்டாள், இன்னும் என்ன குளியல்?

பிள்ளை அழுதுகொண்டே கதவைத் தட்டியது. உள்ளே தண்ணீர் மடமடவென்று விழும் சத்தம் கேட்டது. அத்தனை அவசரமாக அத்தை ஏன் குளிக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. நனைத்தால் மருந்து பற்றாதே தவிர உடம்பைவிட்டுப் போகாது, பிள்ளைமேல் ஒட்டினால் விஷம் என்று பிற்பாடுதான் புரிந்தது.