டயருக்குள் சந்தனம்

என் லாரியின் முன்சக்கரம் ஆடினால், தவளக்குப்பம் டயர் கடை பாய்தான் ரிம்மில் ஈயக்கட்டி அடித்துச் சரிசெய்வார். போன வருடம் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, ஈயத்துக்குப் பதிலாக டயருக்குள் போடும் கண்ணாடி மணிகளை வரவழைத்தேன். பார்க்க ஜவ்வரிசி மாதிரி இருக்கும். சக்கரம் சுற்றும்போது தானாக உருண்டு எடையைச் சமன் செய்துவிடுமாம்.

வந்த நேரம் ஆயுத பூஜை. ஜாக்கி, ஸ்பேனரோடு அந்தப் பொட்டலத்தையும் பிரித்துச் சாமி முன் வைத்து, கரைத்த சந்தனத்தைத் தாராளமாகத் தெளித்தேன். மறுநாள் பாய் டயரைக் கழற்றித் தர, ஈரம் காய்ந்ததா என்றுகூடப் பார்க்காமல் நானே மணிகளை உள்ளே கொட்டினேன்.

கடலூர் போய்த் திரும்புவதற்குள் ஸ்டியரிங் பிடித்த கையெல்லாம் உதறியது. நேராகக் கடைக்கு வந்து, அங்கே நின்ற டிரைவர்கள் முன்னால் கத்தினேன். "ஈயக்கட்டி விக்காதுன்னுதானே பாய் எதையோ பண்ணி வச்சிட்டீங்க?"

அவர் டயரைப் பிரித்தார். மணிகள் கட்டிகட்டியாக உள்ளே ஒட்டிக் கிடந்தன. ஒரு கட்டியைச் சுரண்டி எடுத்தார். தள்ளி நின்ற எனக்கே சந்தனம் மணத்தது. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு டிரைவர்கள் பக்கம் திரும்பி, "நம்ம கம்ப்ரசர்ல தண்ணி இருந்துருக்கு. காத்தோட உள்ள போயிடுச்சி. தப்பு நம்மளுதுதான்" என்றார்.

"இதெல்லாம் பாத்து செய்யறதில்லியா பாய்?" என்று ஒரு டிரைவர் அவரைக் கடிந்துகொண்டார்.

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.