ஆற்றுக்குப் பூட்டு

டூட்டிங்கில் நாங்கள் மரக்கறி வாங்கும் கடைக்காரர் இடுப்பில் திறப்புக் கொத்தும் நெற்றியில் மூக்குக் கண்ணாடியுமாகத் திரிவார். எதைப் பூட்டினாலும் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். கடைக் கதவென்றாலும் சரி, மீன் பெட்டி என்றாலும் சரி.

தேம்ஸ் ஆற்றில் ஒரு கிழமைக்குப் படகுவீடு எடுத்திருந்தோம். புட்டுப் பானை படகு அடுப்பில் நிற்குமா என்று வீட்டில் மூன்று நாளாக வாக்குவாதம். எனக்கோ கால் நிலத்தில் படவில்லை. புட்டுமா வாங்கும் சாட்டில் போய், போனில் ஆற்றின் வரைபடத்தை அவருக்குக் காட்டினேன்.

"இதென்ன, இடைக்கிடை சிவப்புப் புள்ளி?"

"அதெல்லாம் லொக், அண்ணை."

கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. "ஆத்தையும் பூட்டுறாங்களே? திறப்பு ஆரிட்ட?"

"திறப்பில்லை, அண்ணை. பெரிய மரக்கதவு. தண்ணியை மறிச்சுப் படகை ஏத்தி இறக்க ஒரு ஆள் நிப்பார்."

"அவர் பூட்டினாப் பிறகு இழுத்துப் பாப்பாரோ?"

"தெரியாது."

"தெரியாமலே பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறியள்?"

வீடு வரும்வரை சிரித்தேன்.

முதல் லொக்கில் கதவுகள் மூடியதும் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். நான் கரையில் குதித்து, கதவின் நீண்ட மரச்சட்டத்தைப் பிடித்து இழுத்தேன். லொக்கில் நின்ற வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

திரும்பி வந்து அதை நான் சொன்னபோது கடைக்காரர் சிரிக்கவில்லை.

"எத்தினை தரம் இழுத்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.