படத்தில் நின்ற ஐந்து பேர்

பழைய மில்லுக்குள் நுழைந்ததும் பஞ்சு வாசம் வருமென்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். காப்பி வாசம்தான் வந்தது. பஞ்சு பிரிக்கிற கூடத்தில் இப்போது காப்பிக் கடை. நாங்கள் நூல் நூற்ற கூடத்தில் படங்களை மாட்டி, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். லேட்டாக வந்தாயென்று அதே வாசலில் என்னைத் திருப்பி அனுப்பிய நாளெல்லாம் உண்டு. இன்றைக்கு வணக்கம் சொல்லி உள்ளே விட்டார்கள்.

ஒரு படத்தில் நானே நின்றுகொண்டிருந்தேன். ஐந்து பெண்கள், கையில் துடைப்பம். அழகாகத்தான் இருந்திருக்கிறேன், சொன்னால் என்ன! கீழே இருந்ததை எழுத்தெழுத்தாக வாசித்தேன். என் படிப்பு அவ்வளவுதான். ‘மில்லின் துப்புரவுப் பெண்கள்.’ இன்னொரு தரம் வாசித்தேன். அதேதான்.

துப்புரவு வேலை ஒன்றும் மட்டமில்லை. ஆனால் நாங்கள் சைடர்கள். ஓடுகிற மிஷினில் அறுந்த இழையை ஒட்டுகிறவர்கள். ஆயுத பூசைக்கு மட்டும் அவரவர் மிஷினை அவரவரே கூட்டித் துடைத்துப் பொட்டு வைப்போம். என் மிஷினில் இன்னொருத்தி துணி வைத்தால் சண்டைக்கே போவேன். அன்றைக்கு எடுத்த படம் அது.

பொறுப்பில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டேன்.

“இதைய மாத்திப் போடு கண்ணு.”

“மேல கேட்டுத்தான் மாத்தணும்மா. அடுத்த வாரம் பாக்கலாம்.”

“அடுத்த வாரம் நா இருக்கோணுமே!”

கூட வந்த மருமகள் என் முந்தானையை இழுத்தாள். “வாங்கத்தை, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கறதுக்குத்தான டிக்கெட்டு வாங்கியிருக்கறாங்க!”

படத்துக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். முட்டி வலி வேறு. என்னை எழுப்புவதும் லேசில்லை. அந்தப் பெண் யார் யாருக்கோ போன் போட்டாள். பிறகு தாளும் பேனாவுமாக வந்து என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, ‘நூல் நூற்ற சைடர்கள், ஆயுத பூசையன்று’ என்று எழுதி, என்னையே வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். சரியாக இருந்தது.

“பேரையும் போட்டுரலாம்மா, சொல்லுங்க.”

என் பேர், பாப்பாத்தி, மேரி, துளசி என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஓரத்தில் நிற்பவளிடம் நின்றுவிட்டேன்.

மிஷின் சத்தத்தில் அங்கே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. எல்லாம் சைகைதான். வேலை விட்டால் அவள் நெருப்பெரிச்சல் ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு ஓடுவாள், நான் நல்லூர் பஸ்ஸுக்கு. ஏழு வருஷம் பக்கத்து மிஷினில் நின்றாள். கேட்டுச் சொல்ல, படத்தில் இருக்கும் மற்ற மூவரும் இன்றைக்கு உயிரோடு இல்லை.

அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தாள்.

அன்றைக்கு மிஷின் சத்தத்தில் அவளைக் கூப்பிட்ட மாதிரியே, என் மூக்கில் மூக்குத்தி இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.