கலாவின் கம்ப்யூட்டரை நான் முடுக்கிய கதை

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனுக்குக் கண்ணைவிட மூக்கு முக்கியம். கருகல் வாசனையை அதுதான் முதலில் பிடிக்கும். இந்தத் தொழிலில் கை வெந்த சகபாடிகளே, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பயம் யாருக்கு?

ஆலங்குடியில் என் கடைக்குக் கலா வந்தாள். கல்யாண வீடியோ எடுக்கும் பெண்; கைக்கு வந்திருந்த கல்யாணம்தான் அவளுக்கு முதல் ஆர்டர். காலையில் தாலிகட்டு, சாயங்காலம் ரிசப்ஷன் திரையில் படம் ஓட வேண்டும். தவறினால் இந்த ஊரில் இன்னொரு கல்யாணம் கிடைக்காது. இருப்பதோ பழைய கம்ப்யூட்டர், அதன் வேகத்தில் அதற்குள் படம் தயாராகாது. ஓவர்கிளாக் செய்யச் சொன்னாள்.

“ஆத்தா, கம்பெனிக்காரன் வச்ச வேகத்துக்கு மேல பிராசஸரை விரட்டுறது அது. சூடு ஏறும், வோல்டேஜ் மிஞ்சினா சிப் போயிரும், வாரண்டியும் கெடையாது” என்று மிரட்டினேன்.

“தெரிஞ்சுதான் வந்தேன்யா. பயம் எனக்கா, ஒங்களுக்கா?”

வறுத்த கடலை

ரோஷம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயோஸ் செட்டிங்கில் நுழைந்து, வேகத்தையும் வோல்டேஜையும் ஒரே தாவலாகத் தூக்கினேன். பெட்டிமேல் நான் வைத்திருந்த பச்சைக் கடலை வறுபட்டுவிட்டது. நம்பாதவர்கள் போகட்டும், தின்றவன் நான். திரை கறுத்தது. மதர்போர்டின் பொத்தான் பேட்டரியைக் கழற்றி மாட்டியதும், நல்லவேளை, பழைய செட்டிங்கோடு உயிர் வந்தது.

கலா என்னை நகரச் சொல்லி உட்கார்ந்தாள். ஒரு படி ஏற்றுவாள், அரைமணி ஓடவிடுவாள், சூட்டைப் பார்ப்பாள், அப்புறம்தான் அடுத்த படி. எனக்குக் கொட்டாவி வந்தது.

“தூங்குறதுன்னா அங்கிட்டுப் போய்த் தூங்குங்கய்யா, மிஷினு முழிச்சிருக்கட்டும்.”

மீன் ஐஸ்

கல்யாணத்தன்று மண்டபத்து ஸ்டோர் ரூமில் கம்ப்யூட்டரை வைத்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் சமையல் அடுப்பு. கடையில் பார்த்த சூடு எண்பது டிகிரி, இங்கே தொண்ணூறைத் தாண்டியது. மீமிசலில் மீனுக்கு ஐஸ் வியாபாரம் செய்யும் கலாவின் சித்தப்பா, ஒரு பெட்டி ஐஸைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரை அதற்குள்ளேயே இறக்கப் போனார். நானும் ஒரு கை பிடித்தேன் என்பதை மறைப்பானேன்? கலா ஓடிவந்து தடுத்தாள்.

“குளிர்ல வேர்த்து ஒரு சொட்டு போர்டுல விழுந்தாப் போதும், எல்லாம் முடிஞ்சிரும். ஐஸ மீனுக்கே வைங்க சித்தப்பா!”

கடைசித் துண்டு

மாலை ஐந்து மணிக்குச் சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. நான் ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். கலாவோ அசையவில்லை. படத்தை ஆறு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தயாராக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து துண்டு முடிந்து பென்டிரைவில் பத்திரம். “இன்னொரு படி ஏத்திப் பிடிச்சிருவோம் ஆத்தா” என்றேன். அவள் கம்பெனி வேகத்துக்கே இறக்கிவிட்டு, ஆறாவதை நிதானமாக முடித்தாள்.

ஏழு மணிக்குத் திரையில் தாலிகட்டு ஓடியது. கல்யாணப் பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து, “எம்புட்டு வேகம்யா ஏத்திவிட்டீங்க!” என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். கலா விடுவாளா?

“ஐயா ஏத்துனாரு, நான் எறக்குனேன். அதான் படம் ஓடுது.”

இப்போதெல்லாம் ஓவர்கிளாக் கேட்டு வருகிறவர்களிடம், சரியான நேரத்தில் வேகத்தை இறக்கி ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றிய கதையைத்தான் சொல்கிறேன். இறக்கியது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, நானாகச் சொல்வது மரியாதையில்லை.