சுவர் கரித்தது

அந்தச் சுவர் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. கடல் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர். எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், எங்கள் பக்கம் அதன் அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. என் மனைவி தினமும் சாக்கைப் போட்டு ஒற்றி எடுப்பாள். மறுநாளும் ஈரம் நிற்கும்.

தூத்துக்குடியில் அப்போது வீட்டுக்கு இரண்டு தண்ணீர். கிணற்றில் ஊறுவது உப்புத் தண்ணீர், குளிக்க, துவைக்க. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது ஆற்றின் நல்ல தண்ணீர். கசிவது எது என்று பார்க்க யாரும் கொத்தனாரைக் கூப்பிடுவதில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைப்பார்கள். நான் உப்பளத்து வேலைக்காரன். பாத்தித் தண்ணீர் பக்குவமாகிவிட்டதா என்று என் நாக்கைத்தான் கேட்பார்கள். தொட்டு வைத்தேன். கரித்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். அவர் மனைவிக்குத் தீராத இடுப்புவலி; தண்ணீர் இறைக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே புதிதாகத் தொட்டி கட்டி, விடியலில் கிணற்றுத் தண்ணீரை இறைத்து நிரப்பிவிட்டு வேலைக்குப் போவார்.

"போய்ச் சொல்லுங்க" என்று என் மனைவி இரண்டு வாரம் சொன்னாள். எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் அவளே சொல்லிவிட்டாள். அவர் உடனே வந்தார்.

"என்ன அண்ணாச்சி, இதச் சொல்லதுக்கு ரெண்டு வாரமா? நாக்குல வச்சுப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"கரிக்கா?"

"கரிக்கு."

"அப்ப என் தொட்டிதான். அண்ணாச்சி நாக்குக்கு மேல அப்பீல் உண்டா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே கடப்பாரையால் தொட்டியை இடித்தார். அவர் மனைவி கிணற்றடியில் நின்று பார்த்தாள்.

ஒரு வாரம் சுவர் காய்ந்து கிடந்தது. அவர் நிரப்பி வைக்கும் குடங்கள் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். நான் வேலை முடிந்து வந்து படுத்திருக்கும்போது அந்தப் பக்கம் கிணற்றுக் கப்பி கிறீச்சிடும். நடுவில் நின்றுவிட்டு மறுபடி கிறீச்சிடும். அந்த வாரம் முழுக்கத் தெருவில் குழாய்த் தண்ணீர் வரவில்லை. அதை நான் யோசிக்கவில்லை. தண்ணீர் வந்த அன்றைக்கே சுவர் நனைந்தது.

அப்புறம்தான் உளியை எடுத்தேன். எங்கள் குழாய் அந்தச் சுவருக்குள்தான் சமையல்கட்டுக்குப் போகிறது. ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே கொத்தினேன். இடுப்பு உயரத்தில், குழாய் வளையும் இடத்தில், துருவுக்குள் ஊசித் துளை. அங்கே நாக்கில் வைத்தால் நல்ல தண்ணீர். ஒரு சாண் கீழே லேசாகக் கரித்தது. தரையில் அசல் கிணற்றுத் தண்ணீர் போலவே. வழியெல்லாம் கடல் கல்லின் உப்பைக் கரைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது.

துருப்பிடித்த துண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஒரு கையை இடுப்பில் ஊன்றிக் கிணற்றடியில் நின்றாள்.

"வாங்க அண்ணாச்சி. அவிய இன்னும் வரல."

குழாயை நீட்டினேன். "எங்க பைப்புதான் ஓட்டை. உங்க தொட்டி இல்ல."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாக்குல கரிச்சுதுன்னு சொன்னிய?"

"சுவத்துல உப்பு."

"சுவத்துல உப்பு. சரி. என் இடுப்புக்கு என்ன சொல்லுதிய?"

அவளிடமிருந்து கிணற்றுக் கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

கொத்தனாரை வைத்துத் தொட்டியைத் திரும்பக் கட்டிக் கொடுத்தேன். சிமெண்டு இறுகப் பத்து நாள் ஆனது. அதுவரை எங்கள் பெரிய அண்டாவை அங்கே கொண்டுபோய் வைத்து, உப்பளத்திலிருந்து வந்ததும் நானே இறைத்து ஊற்றினேன். அந்த முற்றத்தில் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. வாளியையே பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசி நாள் அவள்தான் கதவருகிலிருந்து சத்தம் கொடுத்தாள்.

"போதும் அண்ணாச்சி. அண்டா வழியுது."