கதவு நிலையில் நூற்றியொன்று

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பினாங்கில் அந்தச் சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு டீச்சராக இருந்த நாட்களில் அது இன்னும் மோசம். சூலியா தெருப் பக்கமிருந்து ரிக்‌ஷா மணி கேட்டால் போதும், பள்ளி இன்ஸ்பெக்டர் வந்துவிட்டாரோ என்று ஜன்னலுக்கு ஓடுவேன். அவர் வகுப்பைப் பார்த்துத் திருப்தி என்றால்தான் என் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் அடுத்த நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிடுவதாக, என்னைப் பினாங்குக்குக் கூட்டிவந்த அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊருக்குப் போனால் மறுபடி சித்தப்பா வீட்டில் சொல்லிக்காட்டிப் போடும் சோறுதான்.

வம்பு என் பெட்டிக்குள்ளேயே வந்திருந்தது. நான் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். அங்கே எல்லாம் மீட்டர்தான். நான் கொண்டுவந்த மீட்டர் கோலைத் தவிர வகுப்பில் அளக்க வேறொன்றும் இல்லை. அடிக்கோல் வரும், வரும் என்று பெரிய வாத்தியார் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கா பொறுமை? என் சுண்டுவிரல் நகத்தைக் காட்டி, இந்த அகலம்தான் ஒரு சென்டி என்று ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகள் சிலேட்டை அளந்தார்கள், பெஞ்சை அளந்தார்கள், வாசலில் படுத்திருந்த பூனையின் வாலைக்கூட விடவில்லை. கோலின் நுனியை விளிம்பில் வைக்காமல் எங்கேயாவது வைப்பார்கள். “ஓரத்திலேர்ந்து, ஓரத்திலேர்ந்து” என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பிறகு கதவு நிலையில் ஒவ்வொருவரின் உயரத்தையும் பென்சிலால் குறித்தேன். வகுப்பிலேயே குள்ளமான ஒரு பெண்ணை எல்லோரும் சுண்டெலி என்பார்கள். அவள் நூற்றியொரு சென்டி இருந்தாள்.

“நூறைத் தாண்டிட்டேன் டீச்சர்!” என்று குதித்தாள். அன்று முழுக்கத் தலையை நிமிர்த்திக்கொண்டே நடந்தாள்.

பெரிய வாத்தியார் அந்தக் குறிகளைப் பார்த்துவிட்டார். “என்னம்மா இது? இது என்ன பிரெஞ்சுக்காரன் ஊரா? இங்க அடி, அங்குலம்தான். இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள மாத்துங்க” என்றார். அடிக்கோலும் ஒருவழியாக வந்து சேர்ந்தது.

மறுபடி எல்லோரையும் நிற்கவைத்து அளந்தேன். சுண்டெலி மூன்றடி நாலு அங்குலம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நேத்து நூத்தியொண்ணு, இன்னிக்கு மூணுதானா? நான் சின்னதாயிட்டேனா டீச்சர்?”

உயரம் அதேதான், எண்தான் வேறு என்று கோலையும் குறியையும் காட்டிக் காட்டிச் சொன்னேன். எனக்காகத் தலையாட்டினாள். ஒரு சொல்லையும் நம்பவில்லை. எனக்கு எல்லோர்மீதும் எரிச்சல் வந்தது.

ஒரு மழைக்காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். எத்தனையோ பிள்ளைகள் இருக்க, அவளிடம்தான் குனிந்தார்.

“பாப்பா, நீ எவ்வளவு உயரம்?”

பதில் அவளுக்குத் தெரியும். முந்தின நாள்கூட அடி, அங்குலத்தில் ஒப்பித்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே, “நூத்தியொண்ணு” என்றாள்.

பெரிய வாத்தியார் செருமினார். திருத்து என்று அவர் கண் சொன்னது. மூன்றடி நாலு அங்குலம் என்று நான் எடுத்துக்கொடுத்தால் போதும், வேலை நிலைத்துவிடும். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரிதாங்க” என்றேன். “அவ நூத்தியொண்ணுதான். சென்டிமீட்டர்.”

இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. “உங்க பள்ளிக்கூடத்துல அடிக்கணக்கு இல்லையா?” என்று பெரிய வாத்தியாரைக் கேட்டார். என்னை மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அன்று பின்கட்டுக் குழாயடியில் நின்று அழுதேன்.

கடைசி நாள் மீட்டர் கோலைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டேன். சுண்டெலி வந்து கதவு நிலையோடு ஒட்டி நின்றாள்.

“ஒரு தடவ அளங்க லா டீச்சர்” என்று பினாங்குப் பேச்சில் கெஞ்சினாள்.

கட்டை அவிழ்த்தேன்.

“குதிகாலைத் தூக்காதே.”

“தூக்கல டீச்சர்.”

பார்த்தேன். நம்பாமல் இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன். பழைய கோட்டுக்கு மேலே புதுக் கோடு போட்டு, எண்ணை அவள் காதில் சொன்னேன். அவள் புத்தகப்பையைக்கூட எடுக்கவில்லை. மழைத் தெருவில் இறங்கி, ரிக்‌ஷாக்காரர்களிடமும் கடைக்காரர்களிடமும் “நூத்திரெண்டு! நூத்திரெண்டு!” என்று கத்திக்கொண்டே ஓடினாள்.